இடது இறக்கையில் ஒரு ரேகை

அத்தியாயம் 14

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு இசாமு சந்தோஷமாக இருந்தார். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அதற்கு இரண்டு வாரம் முன்னால் மருமகன் ஷுன்பெய் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து உட்கார்ந்து, ஜூன் மாதம் தொத்தோரியில் தனக்குக் கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து அந்த வீட்டில் சந்தோஷம் என்ற பேச்சே இல்லை. ஷுன்பெய்யின் மனைவி, இசாமுவின் மகள் மதோகா செத்து இரண்டரை வருஷம் ஆகிறது. மூளையில் ஒரு நரம்பு வெடித்துவிட்டது. முப்பத்திமூன்று வயசு. மருமகன் சொன்னதைக் கேட்ட மாமியார் கிகுயே எழுந்து போய், கழுவி வைத்த பாத்திரத்தை எல்லாம் இன்னொரு தடவை கழுவினாள்.

பெட்டிக்குள் இருந்தது ஒரு சாண் அகல விமானம். மேலே ஒரு ஜோடி இறக்கை, கீழே ஒரு ஜோடி. அந்தக் காலத்துப் பயிற்சி விமானத்தின் பொம்மை. தும்பி மாதிரி இருக்கிறது என்று மதோகா வாங்கியது. வண்ணம் பூசவில்லை. சாம்பல் பிளாஸ்டிக்காகவே, பாதியில் நின்றிருந்தது. இடது மேல் இறக்கையில், உடம்போடு சேர்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு பெருவிரல் ரேகை.

பிளாஸ்டிக் மாடலுக்குப் பேர் போன ஷிசுவோகாவில் அந்த ரேகையைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மாடல் ஒட்டுகிற பசை பிளாஸ்டிக்கை உருக்கித்தான் ஒட்டும். இரண்டு பாதியை அழுத்திப் பிடித்திருக்கும்போது இடுக்கு வழியாக ஓடி, விரலுக்கு அடியில் போய்விடும். விரலை எடுத்தால் ரேகை வரிவரியாகப் பதிந்திருக்கும். கற்றுக்குட்டி செய்கிற முதல் தப்பு. தேய்த்து எடுத்துவிடுவார்கள்.

"சக்கரத்தையும் மூக்குக் காத்தாடியையும் மட்டும் மாட்டிக் குடுங்க மாமா," என்று ஷுன்பெய் சொல்லியிருந்தான். "கண்காட்சில உங்க மாடல் கிளப் மேசைல ஒரு நாள் இருக்கட்டும். சாயங்காலம் நான் எடுத்துட்டுப் போயிடறேன். வேற எதையும் தொடாதீங்க. முக்கியமா அந்த ரேகைய."

"எனக்குத் தெரியாதா மாப்ள," என்றார் இசாமு.

யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

*

இசாமு நாற்பத்தியோரு வருஷம் பொம்மை அச்சுகளுக்கு மெருகு போட்டவர். எஃகு அச்சின் உள்முகத்தை உப்புத்தாளால் தேய்த்து, பிறகு வைரப் பசையால் தேய்த்து, முகம் தெரிகிற வரை கொண்டு வர வேண்டும். அச்சில் ஒரு கீறல் என்றால் லட்சம் பொம்மையில் அதே கீறல். அந்த வேலை அவருடைய கண்ணைக் கூராக்கியது. விரல்களை மழுங்கடித்தது. செல்போனில் விரல் வைத்தால் திறக்காது. எண்ணைத் தட்டித்தான் திறக்க வேண்டும். "அப்பா கொலையே பண்ணாலும் போலீஸ் பிடிக்க முடியாது," என்று மதோகா சிரிப்பாள்.

ஓய்வு பெறுவதற்கு முன்பிருந்தே அவருடைய அலமாரியில் முடியாத போர்க்கப்பல் மாடல் ஒன்று இருந்தது. பத்தொன்பது வருஷம். மூன்று தடவை வண்ணம் பூசி மூன்று தடவை கரைத்து எடுத்திருக்கிறார். மதோகா அதே பத்தொன்பது வருஷத்தில் நாற்பத்திமூன்று மாடல் முடித்திருந்தாள். அரிசி வறுவலைக் கொறித்துக்கொண்டே கட்டுவாள். ஒரு விமானத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் வறுவல் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டு நிரந்தரமாகத் தங்கிவிட்டது. "அது பைலட்டுக்கு டிபன்," என்றாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே மே மாதக் கண்காட்சியில், அவள் கொண்டு வந்து முன்வரிசையில் வைத்த மாடலை இசாமு எடுத்து, கிளப் தலைவர் ஒகுஷியின் பெரிய போர் டாங்கிக்குப் பின்னால் தள்ளி வைத்தார். "நம்ம கிளப்புக்குன்னு ஒரு பேரு இருக்கும்மா," என்றார். பக்கத்தில் அவளுடைய சிநேகிதிகள் இருந்தார்கள். "சரிப்பா," என்று சிரித்தாள். இரண்டாம் நாள் கண்காட்சிக்கு வரவில்லை. நவம்பரில் செத்துப்போனாள். நடுவில் தொட்டது இந்த ஒரு விமானம்தான்.

இன்று அதை முன்வரிசையில் வைக்கப் போகிறார். அவ்வளவுதான் அவருடைய திட்டம். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகப் போவதில்லை என்று அவருக்கே தெரியும்.

சக்கரம் புதன்கிழமை முடிந்தது. காற்றாடி நேற்று. இன்று காலை, சக்கரத் தண்டில் கடுகளவு பசை மேடு ஒன்று கண்ணில் பட்டது. அதை மட்டும் எடுத்துவிடலாம் என்று உப்புத்தாள் துண்டோடு உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே தேயிலை வறுக்கிற வாசம். இரண்டு குருவி. மேடு போனது. கை நிற்கவில்லை. வருஷக்கணக்கில் முதல் தடவையாக, குறை தேடாமல், அது பாட்டுக்கு வேலை செய்தது. அவர் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மதோகா முணுமுணுக்கிற மெட்டு. இப்படித்தான் இருந்திருக்குமோ அவளுக்கு என்று நினைத்தார். இவ்வளவு லேசாகவா?

தூசியை ஊதினார்.

இடது மேல் இறக்கை கண்ணாடி மாதிரி இருந்தது.

*

அவர் கத்தவில்லை. விமானத்தைத் திருப்பி, ஒருவேளை வலது இறக்கையோ என்று பார்த்தார். அங்கேயும் இல்லை. இறக்கையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஒரு வரி கூட மிச்சமில்லை. நன்றாகத்தான் தேய்த்திருந்தார். அவர் எதையும் அரைகுறையாகத் தேய்ப்பதில்லை.

பிறகு பசைப் புட்டியைத் திறந்தார். தூரிகையால் அதே இடத்தில் ஒரு தடவு தடவி, தன் பெருவிரலை வைத்து அழுத்தினார். முப்பது எண்ணினார். எடுத்தார்.

ஒரு குழி. வழவழவென்று, ஒரு வரி இல்லாத குழி.

தேய்த்தார். மறுபடி தடவினார். ஆள்காட்டி விரல். குழி. இடது கைப் பெருவிரல். குழி.

"என்ன பண்றீங்க?"

கிகுயே வாசற்படியில் நின்றாள். தலையில் துணி கட்டியிருந்தாள். சாமி அலமாரிக்குச் சோறும் தண்ணீரும் வைத்துவிட்டு வருகிறாள்.

"ஒண்ணுமில்ல. சக்கரம் கொஞ்சம்..."

அவள் வந்து விமானத்தை வாங்கினாள். பார்க்கவில்லை. நேராகத் தன் பெருவிரலை இடது இறக்கையின் மேல் கொண்டு போய் வைத்தாள். வைத்த வேகத்தில் அவருக்குப் புரிந்தது. இது அவளுக்குப் பழகிய வேலை.

விரல் நின்றது.

"எங்கங்க அது?"

இசாமு உப்புத்தாளைப் பார்த்தார்.

"எங்கன்னு கேட்டேன்."

"கை... நான் யோசிக்கல கிகுயே. கை அதுவா..."

அவள் தரையில் உட்கார்ந்தாள். பிறகு சாதாரணமாகப் பேசினாள், மார்க்கெட்டில் விலை சொல்வது மாதிரி.

"நீங்க காலைல நடக்கப் போவீங்கல்ல. நான் தினமும் வந்து விரலை வச்சுப் பார்ப்பேன். என் விரலு அதுக்குள்ள சின்னதா இருக்கும். எம் பொண்ணு கை எப்ப என் கைய விடப் பெருசாச்சுன்னு நினைச்சுக்குவேன். பதினாலு நாளு. அவ்வளவுதான் கிடைச்சுது எனக்கு."

"நீ சொல்லவே இல்லயே."

"சொன்னா? ரேகைய நேரா வச்சிருக்கலாம், கோணலா இருக்குன்னு சொல்லியிருப்பீங்க."

அது உண்மை.

"அவ பண்ணுனது எல்லாத்தையும் தேய்ச்சீங்க. கையெழுத்து, படிப்பு, சமையல். கடைசில இது ஒண்ணுதான் இருந்துச்சு. பரவால்ல, அதையும் முடிச்சுட்டீங்க. ஒரு வேலையாவது முடிச்சீங்களே."

"மாப்ளகிட்ட சொல்லிடறேன்."

"என்னன்னு சொல்வீங்க? கை வழுக்கிடுச்சுன்னா?" அவள் எழுந்து மேசைக்கு வந்தாள். "நகருங்க. அந்தப் புட்டிய இப்படி வைங்க. எவ்வளவு தடவணும்?"

"கிகுயே."

"எவ்வளவு?"

"ரெண்டு தடவு. லேசா."

அவள் தடவினாள். ஓடன் குழம்புக் கடையில் பதினாறு வருஷம் மீன் வடை நறுக்கிய கை. ஆனால் ரேகை இருந்தது. பெருவிரலை வைத்து அழுத்தினாள். உதடு அசைந்தது, எண்ணுகிறாளா வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

"எனக்குப் பொறந்தவதானே," என்றாள். "கொஞ்சமாவது ஒத்துப்போகும்."

எடுத்தாள். வரிவரியாக, அழகாக விழுந்திருந்தது. இசாமுவின் கண் தானாக அதை எடை போட்டது. ஒரு மங்கல் கூட இல்லாத, சுத்தமான பதிவு. அப்படி நினைத்ததற்கே தன்னை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"வாயத் திறக்காதீங்க," என்றாள் கிகுயே. "வேற ஒருத்திய கட்டிக்கப் போறவனுக்கு இது போதும்."

*

மண்டபத்தில் பத்து மணிக்கே கூட்டம். கறுப்புத் துணி விரித்த மேசைகள் வரிசை வரிசையாக, ஒவ்வொரு கிளப்புக்கும் ஒன்று. கிளப் தலைவர் ஒகுஷி, ஓய்வு பெற்ற தபால்காரர், இசாமுவைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கினார்.

"அடேயப்பா! அண்ணன் கைல மாடலு! போட்டோ எடுங்கப்பா யாராவது. பத்தொன்பது வருஷமா பேரு அட்டைய மட்டும் கொண்டு வந்து வச்ச மனுஷன்."

"என்னோடது இல்ல," என்றார் இசாமு. "மதோகாவோடது."

ஒகுஷியின் கை இறங்கியது. தன் டாங்கியைப் பின்னுக்கு நகர்த்தினார். முன்வரிசையில், நட்ட நடுவில் இடம் கிடைத்தது. இசாமு விமானத்தை வைத்தார். அட்டையில் மகளின் பெயரை எழுதி நிறுத்தினார். எழுத்துக் கொஞ்சம் சாய்ந்திருந்தது. மாற்றி எழுதவில்லை.

நினைத்த இடத்தில் வைத்தாயிற்று. ஏதாவது உள்ளே அசையும் என்று காத்திருந்தார். ஒன்றும் அசையவில்லை. நடுவில் இருந்தது ஒரு தாயின் விரலும் ஒரு தகப்பனின் பொய்யும்.

ஜனங்கள் வந்து குனிந்து பார்த்தார்கள். ஒரு பெண் தன் கணவனிடம், "இத பாருங்க, ரேகை. பாவம், அப்படியே விட்டிருக்காங்க," என்றாள். கணவன், "வேணும்னுதான் விட்டிருப்பாங்க," என்றான். கிகுயே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, கொண்டு வந்த சோற்று உருண்டையைப் பிரிக்காமல் மடியில் வைத்திருந்தாள்.

பன்னிரண்டரைக்கு ஷுன்பெய் வந்தான். குளிர்பான இயந்திரங்களைப் பழுது பார்க்கிற கம்பெனியின் நீலச் சட்டையோடு, வேலைக்கு நடுவிலேயே வந்திருந்தான். ஒகுஷிக்குத் தலை வணங்கினான். மாமியாருக்கு வணங்கினான். அவள் நாற்காலியை வேறு பக்கம் திருப்பி உட்கார்ந்தாள்.

"முன்னாடி வச்சிருக்கீங்க மாமா," என்றான். கண் கலங்கியிருந்தது.

"ம்."

"அவ பார்த்திருந்தா நம்பியிருக்க மாட்டா."

"ம்."

"எடுத்துப் பார்க்கலாமா?"

மேசையில் இருப்பதைத் தொடக் கூடாது என்பது எல்லாக் கிளப்பிலும் சட்டம். ஒகுஷி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஷுன்பெய் விமானத்தை அடியில் தாங்கித் தூக்கினான். மூக்கருகே கொண்டு போனான்.

"பசை வாசம் அடிக்குது."

"சக்கரம் ஒட்டினேன்ல," என்றார் இசாமு.

"ஆமா ஆமா." அவன் சிரித்தான். "இந்த வாசம் வந்தாலே எனக்கு அவதான். அன்னிக்கு எனக்கு மாடல் பத்தி ஒரு எழவும் தெரியாது மாமா. 'இங்க புடி, அசையாத, மூச்சு விடாத'ன்னா. பத்து நிமிஷம் பிடிச்சிட்டிருந்தேன். எடுத்தா என் ரேகை. நான் பதறிட்டேன். உங்கப்பா பார்த்தா கொன்னுடுவாருன்னேன். அவ தரையில உருண்டு சிரிச்சா. அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. அந்தக் கண்காட்சிக்கு அப்புறம் அன்னிக்குத்தான் சிரிச்சா. 'இத யாரும் தொடக் கூடாது, இதுதான் என் மாடல்லயே நல்ல இடம்'னு சொன்னா."

சொல்லிக்கொண்டே, பார்க்காமல், தன் பெருவிரலை இடது இறக்கையின் மேல் வைத்தான்.

வைத்தவன் நின்றான். விரலை எடுத்து மறுபடி வைத்தான். தடித்த பெருவிரல். கீழே இருந்த குழி அதில் பாதி.

"உட்காரலயே," என்றான்.

இசாமு ஒரு மயிரிழை மேட்டைக் கண்டுபிடிக்கிற கண்ணை வைத்துக்கொண்டு, பதினான்கு நாளும் அந்த ரேகையை நேராகப் பார்த்ததே இல்லை. பார்க்கத் தைரியம் இல்லை. பார்த்திருந்தால் அது ஒரு ஆம்பிளையின் விரல் என்று முதல் நிமிஷமே தெரிந்திருக்கும்.

"மாமா. இது என் விரல் இல்ல."

ஒகுஷி எதையோ எடுக்கப் போவது போல மேசைக்கு அந்தப் பக்கம் நடந்தார்.

"மாமா, யார் விரலு இது?"

"என்னோடது," என்றாள் கிகுயே.

நாற்காலியில் இருந்து எழாமலே சொன்னாள். மடியில் இருந்த சோற்று உருண்டை கீழே விழுந்தது, எடுக்கவில்லை.

"மாமா தேய்ச்சுட்டாரு. நான் அழுத்தி வச்சேன். அது அவளோடதுன்னு நினைச்சோம். ரெண்டு வாரமா தினமும் காலைல அதுமேல விரல வச்சு எம் பொண்ணுகிட்ட பேசிட்டிருந்தேன்." ஒரு சத்தம் வந்தது அவளிடமிருந்து. சிரிப்பு மாதிரி இருந்தது. "உங்கிட்டயா பேசிட்டிருந்தேன் நானு?"

ஷுன்பெய் கோபப்படுவான் என்று இசாமு எதிர்பார்த்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் விமானத்தை எடுத்த இடத்திலேயே, எடுத்த மாதிரியே, மூக்கு முன்னால் பார்க்க, மெதுவாக வைத்தான்.

"நீங்களே வச்சுக்கங்க மாமா."

"மாப்ள, நான்..."

"வேணும்னு பண்ணலன்னு தெரியும். நீங்க எதையுமே வேணும்னு பண்ணல." அவன் தலை வணங்கினான். அந்நியருக்கு வணங்குகிற மாதிரி, அளவாக. "உடம்ப பார்த்துக்கங்க. அத்தை, வரேன்."

நடந்தான். கூட்டத்தில் நீலச் சட்டை மறைந்து தெரிந்து மறைந்தது.

கிகுயே எழுந்தாள். பையை எடுத்தாள்.

"எங்க போற?"

அவன் போன திசையில் போனாள். முதலில் நடந்தாள், பிறகு ஓடினாள். அறுபத்திநாலு வயசில், செருப்புச் சத்தத்தோடு.

கண்ணாடிச் சுவருக்கு வெளியே பஸ் நிறுத்தம் தெரிந்தது. இருவரும் நின்றார்கள். கிகுயே என்னவோ கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். மறுபடி கேட்டாள். அவன் தன் வலது கையை நீட்டினான். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்து, பெருவிரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஸ்டேஷன் போகிற பஸ் வந்தது. ஷுன்பெய் ஏறினான். கிகுயேயும் ஏறினாள்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் போய்விட்டது. ஸ்டேஷன் பக்கம் அவளுக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை.

இசாமு அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தார். சோற்று உருண்டையை எடுத்து மேசைக்கு அடியில் வைத்தார். ஒரு பெரியவர் வந்து குனிந்து, விமானத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நல்லா இருக்கு. முடிஞ்சிடுச்சா, இல்ல இன்னும் வேலை இருக்கா?"

"முடிஞ்சிடுச்சு," என்றார் இசாமு.

பெரியவர் போன பிறகு விமானத்தைப் பார்த்தார். இந்தத் தடவை நேராக. கிகுயேயின் ரேகை. அதன் ஓரத்தில், காய்ந்த பசையின் ஒரு நூல், மயிரை விட மெல்லியது, எழும்பி நின்றது. மத்தியான வெளிச்சத்தில் அது மின்னியது.

அவருடைய வலது கை சட்டைப் பைக்குப் போனது. உள்ளே காலையில் மடித்து வைத்த உப்புத்தாள் இருந்தது.

கையை வெளியே இழுத்தார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். கண்காட்சி முடிய இன்னும் நாலரை மணி நேரம் இருந்தது.